கொம்பைலர் ஹெடர் கோப்பை எங்கே தேடும்?

சீ மொழி பழக வரும் பிள்ளைகள் முதலில் முட்டிக்கொள்வது பாயிண்டரில் இல்லை. ஹெடர் கோப்பை, அதாவது மற்றக் கோப்புகள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பைக் கேட்டால், “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலர் கைவிரிக்கும் இடத்தில்தான். கோப்போ கண்முன்னே கிடக்கும்!

உப்பு முடிந்தால் அம்மா என்ன சொல்லுவா? “முதலில் குசினிக்குள் பார், பிறகு ஒழுங்கை முகப்புக் கடை, அங்கேயும் இல்லையென்றால் திருநெல்வேலிச் சந்தை.” ஜீசிசி என்ற கொம்பைலரும் இப்படித்தான் வரிசையாகத் தேடும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

சரி, செய்து பார்ப்போம். ஒரு கோப்புறைக்குள் மெயின்.சீ வையுங்கள். அதற்குள்ளேயே ஹெடர்ஸ் என்று இன்னொரு கோப்புறை, அதில் விலை.ஹெச். மெயினில் விலை.ஹெச்சை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு இன்க்ளூட் செய்து கொம்பைல் பண்ணுங்கள். பிழை வரும். மேற்கோள் போட்டால் மெயின்.சீ இருக்கும் கோப்புறையைத்தான், அதாவது குசினியைத்தான், முதலில் பார்க்கும். உள்ளே இருக்கும் கோப்புறைகளைத் தானாகக் கிண்டாது.

அடுத்து, கட்டளையில் கழித்தல் குறி, கப்பிட்டல் ஐ, அதோடு ஒட்டி ஹெடர்ஸ் என்று சேர்த்து அடியுங்கள். இப்போது ஒழுங்கைக் கடையைக் காட்டிவிட்டீர்கள். பிழை போய்விடும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம்.

மேற்கோளுக்குப் பதில் கோணக்குறி போட்டால்? குசினியை எட்டியும் பார்க்காது. நேரே நீங்கள் காட்டிய கடைக்கும், அப்புறம் சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருக்கும் இன்க்ளூட் போன்ற சந்தைகளுக்கும் போகும்.

இந்த வரிசையில்தான் நான் ஒருநாள் பின்னேரம் முழுக்க மாட்டுப்பட்டேன். சைக்கிள் வாடகைக் கணக்குக்கு ஹெடர்ஸுக்குள் டைம்.ஹெச் என்று ஒரு கோப்பு எழுதியிருந்தேன். கோணக்குறி போட்டு சிஸ்டத்தின் டைம்.ஹெச்சைக் கேட்டேன். கடை சந்தைக்கு முன்னால் அல்லவா, வந்தது என்னுடையது! டைம் ஃபங்ஷனையே தெரியாது என்றது கொம்பைலர்.

காட்டிக்கொடுத்தது கழித்தல் குறியோடு கப்பிட்டல் ஹெச். அதைச் சேர்த்தால் எடுத்த ஒவ்வொரு ஹெடரும் அது கிடைத்த பாதையோடு திரையில் வரும். ஒன்றுக்குள் ஒன்று எத்தனை ஆழம் என்பதை முன்னால் உள்ள புள்ளிகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். எனக்கு வந்த முதல் வரி: ஒரு புள்ளி, ஹெடர்ஸ், சாய்கோடு, டைம்.ஹெச். கோப்பின் பெயரை வாடகை.ஹெச் என்று மாற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.