மின்தாள் (இ-பேப்பர்) திரையை இஎஸ்பி32-உடன் இணைப்பது எப்படி?

கிண்டிலில் சார்ஜ் முழுக்கத் தீர்ந்த பிறகும் திரையில் ஒரு படம் நிற்கும். மின்தாளின் சிறப்பே அதுதான்: படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

திரைக்குள் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் தெளிந்த எண்ணெய். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். அடியிலுள்ள மின்முனைக்கு ஏறக்குறைய 15 வோல்ட் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மின்னழுத்தத்தைத் திருப்பினால் நிறமும் மாறும். துகள்கள் எண்ணெயில் நீந்திப் போக வேண்டும், அதனால் வேகம் குறைவு. கடை அலமாரி விலைச்சீட்டுக்கு அருமையான திரை, வீடியோவுக்கு ஒத்துவராது.

தேவையானவை: 2.9 அங்குலக் கறுப்பு வெள்ளை மாட்யூல் (296×128 புள்ளிகள்), இஎஸ்பி32 போர்டு (நிரல் ஏற்றி இயக்கும் சிறு கணினிப் பலகை), 8 ஜம்பர் வயர்கள். ஒரு முழுப் படத்துக்கு 4,736 பைட் நினைவகம் வேண்டும். இதே போன்ற இன்னொரு பலகையான ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் இருப்பதே 2,048 பைட்தான். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

1. இணைப்பு: விசிசி 3.3 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி கிரவுண்டுக்கு. மற்ற வயர்களை இஎஸ்பி32-இன் இந்த எண்ணுள்ள பின்களில் செருகுங்கள்: டிஐஎன் 23, சிஎல்கே 18, சிஎஸ் 5, டிசி 17, ஆர்எஸ்டி 16, பிஸி 4.

2. ஆர்டுயினோ ஐடிஇ-யில் (நிரல் எழுதி ஏற்றும் மென்பொருள்) ஜிஎக்ஸ்இபிடி2 என்ற நூலகத்தை, அதாவது மின்தாளுக்கான ஆயத்த நிரல் தொகுப்பை நிறுவி, அதன் எடுத்துக்காட்டு நிரலைத் திறவுங்கள். அதிலுள்ள திரைப் பட்டியலில் உங்கள் திரைக்குரிய வரியை மட்டும், முன்னுள்ள // குறியை நீக்கிச் செயல்படுத்துங்கள். மாட்யூலின் பின்புறம் 'வி2' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழையதற்கும் புதியதற்கும் உள்ளிருக்கும் சிப் வேறு, வரியும் வேறு.

3. நிரலை ஏற்றுங்கள். திரை இரண்டு மூன்று முறை கறுப்பும் வெள்ளையுமாகப் படபடக்கும். பயப்பட வேண்டாம், பழைய படத்தின் துகள்களை உலுக்கி இடம் மாற்றுகிறது.

4. வரைந்து முடித்ததும் திரையைத் தூங்கவைக்கும் 'ஹைபர்னேட்' கட்டளை கொடுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் உயர் மின்னழுத்தம் திரையின் மேல் நின்றுகொண்டே இருக்கும்; நாளடைவில் திரை கெடும். தூங்கிய திரையை எழுப்புவது ஆர்எஸ்டி வயர், அதனால் அதை இணைக்காமல் விடாதீர்கள்.

சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் ஐடிஇ சாளரம்) 'பிஸி டைம்அவுட்' என்று வந்தால் முதலில் பிஸி வயரைப் பாருங்கள், பிறகு நிரலில் தேர்ந்த வரியை. பழைய எழுத்தின் நிழல் தெரிந்தால், திரையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் பகுதிப் புதுப்பிப்பைத் தொடர்ந்து செய்திருப்பீர்கள். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு கொடுங்கள். முழுப் புதுப்பிப்புகளுக்கு இடையே 3 நிமிடமாவது விடுங்கள். திரையின் ஓரத்து ரிப்பனை மடிக்கவே கூடாது. உள்ளே கம்பி அறுந்தால் ஒட்ட முடியாது.

தமிழில் காட்ட வேண்டுமா? இந்த நூலகம் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அச்சிடும். 'கொ'வின் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் போய் உட்காராது. வாசகத்தைக் கணினியில் 296×128 கறுப்பு வெள்ளைப் படமாக்கி, பிட்மேப்பாக ஏற்றுங்கள். எழுத்து சிதையாமல் வரும்.