‘அது தானாகவே சரிவரும்’ என்று விடுகிற பிழைகள்

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஒரு மிதவைச் சுவிச் இருக்கிறது. தண்ணீர் நிரம்பினால் மோட்டரை நிறுத்தும், இறங்கினால் போடும். பூட்டிய நாளிலிருந்து ஒருவரும் தாங்கியை எட்டிப் பார்த்ததில்லை. போன மாரியில் மிதவை பாசியில் சிக்கி, இரவு முழுக்க மோட்டர் ஓடி, விடிய எழும்பினால் முற்றம் குளம். மழை பெய்திருக்கிறது என்று நினைத்து நான் திரும்பப் படுத்தது தனிக்கதை.

சுய ஒழுங்குபடுத்தல் என்ற சொல்லை வைத்து நாங்கள் விடும் முதல் பிழை இதுதான். தானாக நடக்கிறது என்றால் பார்க்கத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். எதுவும் தன்னைத்தானே ஒழுங்குபடுத்த மூன்று வேண்டும்: எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவு, இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற செய்தி, வித்தியாசத்தைத் திருத்தும் கை. உடம்பு 37 பாகை செல்சியசை ஒட்டி நிற்பதற்கு வியர்வையும் நடுக்கமும் அந்தக் கைகள். மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

அடுத்த பிழை, செய்தி பிந்தி வருவதைக் கணக்கில் எடுக்காதது. ‘இறைத்த கிணறு ஊறும்’ என்கிறோம். துலாக் காலத்தில் அது சரி. துலா மிதித்தவரின் கால் களைத்தால் இறைப்பு நிற்கும். யாரும் திட்டமிட்டு வைக்காவிட்டாலும் அந்தக் களைப்புத்தான் கிணற்றுக்குப் பிரேக். தண்ணீர் இறைக்கும் மெசின் வந்து அதைக் கழற்றிவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்தபடி கிடக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீற்றர் தாழ்ந்து அப்படியே நின்றால், அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 மீற்றர் மேலேறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பொதுக் கணக்கு. அது ஏறுவது மேலே நிற்பவருக்குத் தெரியாது. தேத்தண்ணி சவர்க்கும்போதுதான் செய்தி வந்து சேரும். அதன்பிறகு மெசினை நிறுத்தினாலும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழை போதாது, இன்னும் எத்தனையோ மாரிக்குக் காத்திருக்க வேண்டும்.

செய்தி பிந்தினால் திருத்தமே கெடுதலாகவும் மாறும். நீராவி இயந்திரத்தின் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜேம்ஸ் வாற் 1788இல், வேகம் கூடினால் விரிந்து நீராவியைக் குறைக்கும் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளைப் பூட்டினார். பிறகு வந்த இயந்திரங்கள் சில, வேகம் கூடிக் குறைந்து அலைபாயத் தொடங்கின. ஏன் என்பதை 1868இல் பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் கணிதத்தில் விளக்கினார். எங்களுக்கு அந்தக் கணிதம் வேண்டாம், சின்ன வெங்காயம் போதும். சந்தையில் விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள். கிண்டும்போது எல்லோருடைய வெங்காயமும் ஒன்றாக வந்து விலை விழும். அடுத்த போகம் ஒருவரும் நட மாட்டார்கள். சந்தை தன்னைத்தான் திருத்துகிறது, சரி. ஆனால் இடையில் கடன்பட்டு நட்டவர் அதற்குள் விழுந்து போகிறார்.

தொழில்துறைகள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்துவது பற்றி ஊரில் இரண்டே அபிப்பிராயம். ஒன்று, ‘அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’. மற்றது, ‘வேலியே பயிரை மேயும்’. இரண்டுமே அவசர முடிவு. பிரித்தானியப் பத்திரிகைகள் 1991இல் தங்களுக்கென ஒரு முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தன. ‘நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்’ பத்திரிகையின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் அந்தப் பத்திரிகையின் சொல்லையே நம்பி அது 2009இல் ஓர் அறிக்கை விட்டது, 2011இல் அதையே மீளப்பெற்றது, 2014இல் இல்லாமலே போனது. மறுபக்கம், 1979இல் அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்த அதே ஆண்டு, அமெரிக்க அணுமின் நிலையங்கள் ஒன்றையொன்று சோதிக்க ஓர் அமைப்பைத் தொடங்கின. அது இன்றும் நிற்கிறது. ஒரு நிலையத்தில் விபத்து என்றால் எல்லா நிலையங்களுக்கும் மூடுவிழா என்ற பயம் அவர்களுக்கு உண்டு. சோதனைப் பெறுபேறு காப்புறுதிக் கட்டணத்தையும் தொடும். பின்னால் அரசின் ஒழுங்குமுறை ஆணைக்குழு வேறு நிற்கிறது. ஆகவே எங்கேயாவது ‘சுய ஒழுங்குபடுத்தல்’ என்று கேள்விப்பட்டால் நான் கேட்பது, மீறினால் யாருக்கு என்ன நட்டம் என்பதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. சங்கத்தின் விதி சங்கத்தவரை மட்டுமே கட்டும். எந்த வலை, எந்த நேரம் என்று எங்கள் கடற்றொழிலாளர் சங்கங்கள் தீர்மானிக்கலாம். வெளியிலிருந்து வரும் இழுவைப் படகு அந்தக் கூட்டத்துக்கு வந்ததில்லையே. அதற்குச் சட்டம் வேண்டும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் வருவது அதன்பிறகும் நிற்கவில்லை, அதாவது அளவு இருக்கிறது, கைதான் எட்டவில்லை.

மனிதரிடம் வந்தால், அடக்குவதையே ஒழுங்கு என்று நினைக்கிறோம். ‘அழாதை, வாயை மூடு’ என்றதும் பிள்ளை மூடிவிடும். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கச் சொல்லிச் செய்த ஆய்வுகளில் உள்ளே உணர்ச்சி குறையவில்லை, உடலின் பதற்றம்தான் கூடியது. சின்னப் பிள்ளைக்குத் தன்னை அமர்த்தத் தெரியாது. பெரியவர் அமர்த்த அமர்த்தத்தான் அது பழகும். கத்தும் பிள்ளைக்கு மேலால் நாங்களும் கத்தினால் அது பழகுவது கத்தலை.

முன்னால் வைத்த ஓர் இனிப்பை உடனே தின்னாமல் ‘பொறுத்திருந்தால் இரண்டு இனிப்பு’ என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்த ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பரிசோதனையைச் சொல்லி, பொறுமையில்லாத பிள்ளை உருப்படாது என்று ரியூசன் வாசலில் தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். முதலில் ஏமாற்றியவரிடம் 3 நிமிடம்தான். இங்கே யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாளைக்கு வரும் என்ற சவர்க்காரம் வராது என்று தெரிந்தால், இன்றைக்குக் கிடைத்ததை எடுப்பவர்தான் கெட்டிக்காரர். பிள்ளைக்குப் பொறுமை பழக்க வேண்டுமென்றால், சனிக்கிழமை ஐஸ்கிறீம் என்று சொன்னவர் சனிக்கிழமையே கூட்டிப்போக வேண்டும். மழை பெய்தாலும்.