“சோம்பேறிக் கும்பல்” என்று எழுதியவரை என்ன செய்வது? தன்னார்வ அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“என் பதிவு மூணு வாரமா அனுமதிக்குக் காத்துக் கிடக்கு. கேட்டா பதிலே இல்லை. சோம்பேறிக் கும்பல்.”

இணையக் குழுவில் இப்படி ஒன்று வந்ததும் அட்மினின் கண் கடைசி இரண்டு சொற்களில்தான் நிற்கும். விரல் நீக்கும் பொத்தானுக்குப் போய்விடும். இதில் மூன்று சங்கதி இருக்கிறது: சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்று, நியாயமான புகார் ஒன்று, வசவு ஒன்று. வசவுக்காக மொத்தத்தையும் தூக்கினால், தாமதத்தை மூடி மறைத்ததாகத்தான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதலில் காத்திருப்பு வரிசையைப் பாருங்கள். பதிவு கிடப்பது உண்மையானால் ஒப்புக்கொண்டு, எப்போது பார்ப்பீர்கள் என்று நாள் சொல்லுங்கள். அதன்பிறகு, “கடைசி வரியை நீங்களே எடுத்துவிடுங்கள்; நாளை மாலைக்குள் எடுக்காவிட்டால் நாங்கள் எடுப்போம்” என்று எழுதலாம். இந்த வரிசையை மாற்றிக் கண்டிப்பில் தொடங்கினால், பின்னால் வரும் பதிலை யாரும் படிக்கமாட்டார்கள்.

நீக்கினால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2003இல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கலிஃபோர்னியக் கடற்கரையில் தன் வீடு தெரிந்த படத்தை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படம் இணையத்திலிருந்து 6 முறைதான் பதிவிறக்கப்பட்டிருந்தது. அதிலும் 2 முறை பதிவிறக்கியது அவருடைய வழக்கறிஞர்களே. செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் தேடிப்போய்ப் பார்த்தார்கள். உங்கள் குழுவில் அந்த வேலையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் செய்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, யாரைக் குறை சொன்னார்களோ அவரே நடவடிக்கை எடுப்பது. தான் சம்பந்தப்பட்ட சச்சரவில் நிருவாகி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியா கொள்கையாகவே வைத்திருக்கிறது. உங்களிடம் இரண்டே அட்மின்கள் இருந்தாலும் இது நடக்கிற காரியம்தான்: மற்றவர் பார்க்கட்டும். ஒரே ஆள் என்றால் ஓர் இரவு கழியட்டும். மிரட்டல், ஒருவரின் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ வெளியிடுவது போன்றவற்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. முதலில் பார்த்தவர் உடனே எடுத்துவிட வேண்டும்.

“மரியாதையாகப் பேசவும்” என்பது விதி ஆகாது. எது மரியாதைக் குறைவு என்பதை அன்றைக்கு யார் அட்மினோ அவர்தான் தீர்மானிப்பார். “ஆளைப் பற்றிய அடைமொழி நீக்கப்படும், முடிவைப் பற்றிய குறை, எவ்வளவு காரமாக இருந்தாலும் நிற்கும்” என்று எழுதினால் இரு பக்கத்துக்கும் எல்லை தெரியும். சண்டை நடக்கும்போது புது விதி போடாதீர்கள். யாரைக் குறிவைத்துப் போட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

தண்டனையில் படி தாண்டுவதும் அடிக்கடி நடப்பது. திறமூல (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) மென்பொருள் திட்டங்கள் பல பின்பற்றும் ‘கான்ட்ரிப்யூட்டர் கவனன்ட்’ நடத்தை விதிகளின் 2.0 பதிப்பு நான்கு படிகள் வைக்கிறது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. புதியவரை நேரே நான்காம் படிக்கு அனுப்பும் அதே குழு, பாதி வேலையைச் சுமக்கும் மூத்த உறுப்பினருக்கு ஏழாவது முறையாகத் தனிச்செய்தியில் நயமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். சங்கடமானதுதான், ஆனால் விமர்சகர்கள் பட்டியல் போட்டு வைப்பது இதைத்தான்.

பட்டியல் உங்களிடமும் இருக்கட்டும். டெலிகிராம் செயலியின் பதிவேட்டை நம்பினால் போதாது; அட்மின்களின் அண்மைச் செயல்களை அது 48 மணி நேரத்துக்குத்தான் காட்டும். மேல்முறையீடு அதற்குப் பிறகு வந்தால் கையில் எதுவும் இருக்காது. ஒரு விரிதாளில் ஐந்து நெடுவரிசை போதும்: தேதி, நீக்கிய வரி அப்படியே, விதி எண், நீக்கியவர், மேல்முறையீட்டின் முடிவு. நீக்கப்பட்டவருக்கும் அந்த வரியை மேற்கோள் காட்டியே தகவல் அனுப்புங்கள். “விதி 3 மீறல்” என்று மட்டும் வந்தால், தான் என்ன எழுதினோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது.

கடைசியாக ஒரு வாக்கியம்: “நாங்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறோம்.” உண்மைதான், ஆனால் மூன்று வாரமாகக் காத்திருப்பவருக்கு அது பதிலாகாது. “நாங்கள் இரண்டு பேர். சனி, ஞாயிறு மட்டும் வரிசையைப் பார்க்கிறோம். 10 நாள் தாண்டினால் நினைவூட்டுங்கள்” என்று குழுவின் முகப்பில் எழுதி வையுங்கள்.