மூன்று நாள் அலைந்து பிடித்த புகை பீர்

எனக்கு உயிர் ரவுக்பியர்தான், அதாவது மால்ட்டை, முளைகட்டிய பார்லியை, பீச் (beech) மர விறகுப் புகையில் உலர்த்திக் காய்ச்சும் பீர்; ஜெர்மனியின் பாம்பெர்க் நகரம் இதற்குப் பேர்போனது. போன பயணத்தில் மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன், பெயரைச் சொன்னாலே முழித்தார்கள். அப்புறம்தான் புத்தி வந்தது. தயாரிப்பாளருக்கே மின்னஞ்சல் போட்டு, நான் போயிருந்த ஊருக்கு யார் இறக்குமதி செய்கிறார்கள் என்று கேட்டேன். அந்த இறக்குமதியாளரைப் பிடித்தால் எந்தக் கடைக்குச் சரக்கு போகிறது என்று உடனே சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பாட்டில் ஜன்னலோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது! பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை ஓரளவு தடுக்கும், சரி, சூட்டை யார் தடுப்பது? உள்ளே பெட்டியில் இருந்ததைக் கேட்டு வாங்கினேன். முதல் மடக்கிலேயே விறகடுப்பு வாசம்.