ஆங்கிலத்தில் திறமையும் நாட்டவரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் பின்னேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் பலர் நேர்முகத் தேர்வை மனதில் வைத்தே படிக்கிறார்கள். ‘ஹி கேன்ஸ்’, ‘கேன் டு ஸ்விம்’ எல்லாம் கொஞ்ச நாளில் தானாகத் திருந்திவிடும். திருந்தாமல் நிற்கிறவை வேறு: ஒருவரால் என்ன முடியும், அவர் எந்த நாட்டவர் என்று சொல்லும் இடங்களில் வருபவை.

முடிந்த காரியத்துக்கு ‘குட்’ (could) போடுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். ‘என்னால் எடுக்க முடிந்தது’ என்று மனதில் நினைத்து, ‘ஐ குட் கெட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். முறிகண்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கள உத்தியோகத்தர் வேலைக்குப் போனாள். மோட்டார் சைக்கிள் லைசன் கட்டாயம். ‘ஐ குட் கெட் மை லைசென்ஸ்’ என்றாள். ‘இனித்தான் எடுக்கலாம்’ என்று கேட்டவருக்கு விளங்கியது. அவர் திருப்பிக் கேட்கவுமில்லை. லைசன் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது! வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. தகுதி இல்லாமல் போயிருந்தால் ஆறியிருப்பேன்.

முன்பு பொதுவாக இருந்த திறமைக்கு ‘குட்’ சரி: ‘வென் ஐ வாஸ் டென், ஐ குட் ஸ்விம்.’ ஒருமுறை முயன்று முடித்த காரியம் என்றால் ‘ஐ வாஸ் ஏபிள் டு கெட்’ அல்லது ‘ஐ மனேஜ்ட் டு கெட்’. நேர்முகத் தேர்வில் அதுகூட வேண்டாம்; ‘ஐ காட் மை லைசென்ஸ்’, ‘ஐ பாஸ்ட்’ என்று நேரே சொல்லுங்கள். முடியாமல் போனதற்கு ‘குடின்ட்’ இரண்டு இடத்திலும் பொருந்தும். அதைப் பார்த்துத்தான் ‘குட்’டும் எங்கும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறார்கள். ‘ஐ குட் ஸீ’, ‘ஐ குட் ஹியர்’ போல, கண்ணும் காதும் உணர்ந்ததைச் சொல்லும்போது ஒருமுறை நடந்ததற்கும் ‘குட்’ வரும்.

‘கேன்’ மேல் அழுத்தம்

‘ஐ கேன் ட்ரைவ்’ என்பதில் ‘ட்ரைவ்’தான் உரக்க வரவேண்டும், ‘கேன்’ சுருங்கி ‘கன்’ ஆகிவிடும். முடியாது என்றால் ‘காண்ட்’ என்று நீட்டுங்கள்.

ஆளுக்கு நாட்டின் பெயர்

வன்னியில் வெளிநாட்டு உறவில்லாத வீடு குறைவு. அதனால் ‘மை அங்கிள் இஸ் கனடா’ என்பதை அடிக்கடி கேட்கிறேன். மாமா அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால் ‘ஹி இஸ் கனேடியன்’. இல்லையென்றால் ‘ஹி லிவ்ஸ் இன் கனடா’ போதும்.

நாங்கள் நாட்டையே ‘சுவிஸ்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஸ்விஸ்’ என்பது அந்த நாட்டவரைக் குறிக்கும். சித்தி இருப்பது ‘ஸ்விட்சர்லண்ட்’டில். அப்புறம், ‘எ கனேடியன்’, ‘எ நோர்வீஜியன்’ என்று சொல்லலாம், ‘எ ஃப்ரெஞ்ச்’ என்று சொல்ல முடியாது. ‘ஷி இஸ் ஃப்ரெஞ்ச்’ என்று நிறுத்துங்கள்.

படிவத்தில் ‘நேஷனாலிட்டி’

‘ஸ்ரீலங்கன்’ என்று எழுதுங்கள். ‘தமிழ்’ என்பது இனம் கேட்கும் கட்டத்துக்கு.