ஜெர்மன் குடும்ப நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாஷ் நிறுவனத்தை முன்வைத்து

ஜெர்மன் தொழில் நிறுவனங்களின் வரலாறு தமிழில் எழுதப்படும்போது பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வந்து நிற்கிறது. ஏழை இளைஞர் ஒருவர் சிறு பட்டறை தொடங்குகிறார், புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதை வளர்க்கிறார்கள், இன்றும் அந்தக் குடும்பமே நிறுவனத்தை நடத்துகிறது. வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற, ஸ்டுட்கார்ட் நகரின் பாஷ் நிறுவனத்துக்கு இந்த வார்ப்பைப் பொருத்திப் பார்த்தால் இந்த நான்கு கூற்றுகளில் ஒன்றுகூட முழுமையாகத் தேறாது. நிறுவியவர் யார், பெயர் எங்கிருந்து வந்தது, பங்குகள் யாரிடம் உள்ளன, வாக்குரிமை யாரிடம் உள்ளது, அன்றாட நிர்வாகத்தைக் கவனிப்பவர் யார் என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றவற்றுக்கும் பொருத்திவிடுவதிலிருந்துதான் ஏனைய பிழைகள் பெரும்பாலும் கிளைக்கின்றன.

தொடக்கத்திலிருந்தே வருவோம். ராபர்ட் பாஷ் 1861-இல் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்ற ஊரில், 12 குழந்தைகளில் 11-ஆவதாகப் பிறந்தார். தந்தை விவசாய நிலமும் விடுதியும் வைத்திருந்த வசதியான மனிதர். நுண்கருவிப் பட்டறையில் தொழில் பழகிய பின் ராபர்ட் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மின்கருவி நிறுவனங்களில் வேலை பார்த்தார். 1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட்டில் அவர் திறந்த பட்டறைக்கு முதலாக இருந்தது தந்தைவழிச் சொத்திலிருந்து வந்த 10,000 மார்க். உதவிக்கு இருந்தவர்கள் ஒரு தொழிலாளியும் ஒரு பயிற்சிப் பையனும் மட்டுமே. பட்டறை சிறியது என்பது சரி. ஆனால் கையில் காசில்லாதவர் தொடங்கிய பட்டறை என்று எழுதுவது கற்பனை. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பட்டறை தொடங்கியவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, முதல் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். பரம்பரைச் சொத்து, மனைவி வீட்டுப் பணம், கூட்டாளியின் முதலீடு ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது சொல்லப்படாமல் விடப்பட்டால் பின்னாளில் பங்குகள் ஏன் அவ்வாறு பிரிந்தன என்பதும் விளங்காது.

நிறுவியவரையே கண்டுபிடிப்பாளராகவும் ஆக்கிவிடுவது அடுத்த பிழை. பாஷ் என்றாலே நினைவுக்கு வரும் மேக்னெட்டோ என்ற, எஞ்சினில் எரிபொருளை மின்தீப்பொறியால் பற்றவைக்கும் கருவியை ராபர்ட் பாஷ் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லை. 1887-இல் வாடிக்கையாளர் ஒருவருக்காக, டாய்ட்ஸ் நிறுவனத்தின் எஞ்சினில் ஏற்கெனவே இருந்த கருவியைப் பார்த்து, அதை மேம்படுத்திச் செய்து கொடுத்தார். அது ஓரிடத்தில் நிலையாக நிற்கும் எஞ்சினுக்கானது. வேகமாகச் சுழலும் வண்டி எஞ்சினுக்கு ஏற்றவாறு 1897-இல் அதை மாற்றியமைத்த வேலையில் பட்டறை மேற்பார்வையாளர் ஆர்னால்ட் ஸேரிங்கருக்கும், ஸ்பார்க் பிளக்குடன் கூடிய உயர் அழுத்த மேக்னெட்டோவை 1902-இல் உருவாக்கியதில் பொறியாளர் காட்லோப் ஹோனால்டுக்கும் உரிய இடம் உண்டு. நிறுவியவரின் உண்மையான திறமை தகுந்த ஆட்களைச் சேர்த்துக்கொள்வதிலும், பண்டத்தின் தரத்தில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதிலும், வெளிநாட்டுச் சந்தையை முன்கூட்டியே பிடிப்பதிலும் இருந்தது. இதைச் சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1906-லேயே எட்டு மணி நேர வேலைநாளைக் கொண்டுவந்த முதலாளி என்ற ஒன்றே அவரைப் பற்றி விரிவாக எழுதப் போதுமானது.

நிறுவியவர் ஒருவரே என்று கொள்வதும் இதனோடு ஒட்டிய பிழை. துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற மீலே நிறுவனம் 1899-இல் ஹெர்ட்செப்ராக் என்ற ஊரில் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் கார்ல் மீலே, ரைன்ஹார்ட் சிங்கான் ஆகிய இருவர். பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் இன்றும் அந்த நிறுவனம் மீலே குடும்பத்துக்கு 51 விழுக்காடு, சிங்கான் குடும்பத்துக்கு 49 விழுக்காடு என்ற கணக்கில் இரு குடும்பங்களுக்கும் உரியது. நிர்வாகத்திலும் இரு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொருவர் இடம்பெறுவது அங்கு வழக்கம். பெயரை மட்டும் பார்த்து எழுதுகிறவர் ஏறத்தாழப் பாதி உரிமையாளர்களை விட்டுவிடுகிறார்.

தொடக்க ஆண்டைக் குறிப்பிடும்போது, அந்த ஆண்டில் தொடங்கியது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் நிறுவனம் 1668-இலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. அந்த ஆண்டில் ஃபிரெட்ரிக் யாக்கோப் மெர்க் வாங்கியது ஒரு மருந்துக் கடை. ஹைன்ரிஹ் எம்மானுவேல் மெர்க் தாவரங்களிலிருந்து ஆல்கலாய்டுகள் என்ற மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுத்துப் பெருமளவில் விற்கத் தொடங்கியது 1827-இல். இரண்டும் உண்மையான ஆண்டுகளே. ஆனால் 1668-இல் ஒரு மருந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது என்று எழுதினால் ஒன்றரை நூற்றாண்டுப் பிழை நேர்ந்துவிடும். பாஷிலும் 1886 என்பது பட்டறையின் ஆண்டு, 1901 என்பது முதல் தொழிற்சாலையின் ஆண்டு, 1917 பங்கு நிறுவனமாக மாறிய ஆண்டு, 1937 ஜிஎம்பிஹெச் என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவன வடிவத்துக்கு மாறிய ஆண்டு.

பங்கு ஒரு கையில், வாக்கு மறு கையில்

உரிமை பற்றிய பகுதியில்தான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. பாஷ் ஒரு குடும்ப நிறுவனமா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை தருகிறவர்கள் இரு பக்கத்திலும் தவறுகிறார்கள்.

ராபர்ட் பாஷ் தம் மூத்த மகனைத்தான் தம் வாரிசாக எண்ணியிருந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய அந்த மகன் நீண்ட நோய்க்குப் பின் 1921-இல் இறந்தார். அதே ஆண்டில் சொத்துகளைக் கவனிப்பதற்கென ஒரு தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1926 முதல் தலைமை நிர்வாகப் பொறுப்பு குடும்பத்தைச் சேராத ஹான்ஸ் வால்ட்ஸ் கையில் இருந்தது. அவர் 1963 வரை அப்பொறுப்பில் நீடித்தார். நிறுவனர் 1942 மார்ச் 12 அன்று இறந்தபோது, இரண்டாம் மணத்தில் பிறந்த இளைய மகனுக்கு வயது 14. ஆகவே, தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்ற வரிசை அங்கு நிறுவனர் உயிரோடு இருந்த காலத்திலேயே அறுந்துவிட்டது.

அவர் தம் உயிலில் நிறுவனம் தன்னாட்சியோடும் பணபலத்தோடும் நீடிக்க வேண்டும், அதன் ஆதாயம் பொதுநலப் பணிகளுக்குப் பயன்பட வேண்டும் என்ற இரு நோக்கங்களை வைத்து, அவற்றை நிறைவேற்றும் வழியைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை உயில் நிறைவேற்றுநர்களிடம் விட்டுச் சென்றார். 1964-இல்தான் அது முடிவான வடிவம் பெற்றது. முன்பு சொன்ன சொத்து நிறுவனம் வாரிசுகளிடமிருந்து பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. 1969 முதல் அது ராபர்ட் பாஷ் அறக்கட்டளை என்ற பெயரில் இயங்குகிறது. இன்று மூலதனத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்த அறக்கட்டளையிடம் உள்ளது. இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பெரும் பங்கு அறக்கட்டளையிடம் இருப்பதால் அறக்கட்டளைதான் நிறுவனத்தை ஆள்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அறக்கட்டளையின் பங்குகளுக்கு வாக்குரிமை இல்லை. வாக்குரிமையில் 90 விழுக்காட்டுக்கும் மேல், மூலதனத்தில் மிகச் சிறு துளியை மட்டும் வைத்திருக்கும் வேறொரு பொறுப்பாண்மை அமைப்பிடம் உள்ளது. அதில் நிறுவனத்தின் இன்றைய, முன்னாள் உயர் நிர்வாகிகளும் வெளியிலிருந்து வந்த தொழில்துறையினரும் இடம்பெறுகின்றனர். எஞ்சிய சிறு பகுதி பங்குகளும் அவற்றுக்குரிய வாக்குகளும் பாஷ் குடும்பத்திடம் உள்ளன. நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவிலும் குடும்பத்தின் குரல் ஒலிக்கிறது.

ஏன் இந்தச் சுற்றுவழி? பொதுநலச் சலுகை பெற்ற அறக்கட்டளை மருத்துவமனை, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியது. தொழில் முடிவுகளில் இறங்கினால் அதன் தன்மையே கேள்விக்குள்ளாகும். தொழிலை நடத்துகிறவர்களோ ஆதாயத்தின் பெரும் பகுதியைத் தொழிலிலேயே திரும்ப முதலிட விரும்புவார்கள். ஆதாயம் பெறுகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒருவராக இல்லாதபோது, நிறுவனத்தை விற்றுக் காசாக்கும் ஆசையும் யாருக்கும் எளிதில் எழாது. இந்த அமைப்பில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிர்வாகிகளாக இருந்தவர்களே பின்னர் வாக்குரிமையையும் கைக்கொள்வதால், அவர்களைத் தட்டிக்கேட்பவர் யார் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புவதற்கே பங்கையும் வாக்கையும் முதலில் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பாஷைப் பார்த்துவிட்டு எல்லா ஜெர்மன் அறக்கட்டளை நிறுவனங்களும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் கூடாது. நுண்ணோக்கிகளுக்கும் லென்ஸுகளுக்கும் பெயர்பெற்ற, யேனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனம் 1846-இல் தொடங்கியது; அதை அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தவர் நிறுவனரின் கூட்டாளியான இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே. அவர் 1889-இல் அறக்கட்டளையை அமைத்தார். 1891-இல் அதுவே உரிமையாளர் ஆனது. ஸைஸ் என்ற பெயர் நிலைத்தது, ஆனால் ஸைஸ் குடும்பத்தின் உரிமை அத்தோடு முடிந்தது. மெர்க்கில் நிலைமை வேறு. 1995-இல் பங்குச் சந்தைக்கு வந்த பின்னும் ஏறத்தாழ 70 விழுக்காடு மூலதனம் குடும்பத்தின் தாய் நிறுவனத்திடமே உள்ளது. சந்தையில் பங்கு விற்கப்படுகிறது என்றால் குடும்பம் விலகிவிட்டது என்று எண்ணுகிறவர்களுக்கு மெர்க் ஒரு மறுப்பு. தெரிந்த பெயர் இருந்தால் குடும்பமும் இருக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு அடிடாஸும் பூமாவும் மறுப்பு. ஹெர்ட்சோகனாவ்ராக் ஊரின் டாஸ்லர் சகோதரர்கள் 1948-இல் பிரிந்து, ஒருவர் அடிடாஸையும் மற்றவர் பூமாவையும் தொடங்கிய கதை இன்றும் விருப்பத்தோடு சொல்லப்படுகிறது. ஆனால் இரு நிறுவனங்களும் டாஸ்லர் குடும்பங்களின் கையை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

முழு உரிமை குடும்பத்திடமே இருந்தாலும், ஜெர்மனியில் அவர்கள் நினைத்ததெல்லாம் நடந்துவிடாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை. வாக்குகள் சமமாகும்போது தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டு என்பதால் இறுதிப் பிடி உரிமையாளர் தரப்பில் இருக்கிறது. இருப்பினும் முதலாளி சொல்வதே சட்டம் என்ற நம் ஊர்க் கற்பனையை அங்கு கொண்டுபோய் வைப்பது பொருந்தாது.

ஒரே பெயர், இரு நிறுவனங்கள்

மெர்க் பற்றி எழுதும்போது இன்னொரு குழியும் உண்டு. 1891-இல் நியூயார்க்கில் மெர்க் குடும்பத்தவர் ஒருவரால் அமைக்கப்பட்ட கிளை, முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசால் பறிமுதல் செய்யப்பட்டு 1917 முதல் தனி நிறுவனமானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மெர்க் என்ற பெயர் அந்த அமெரிக்க நிறுவனத்துக்கு உரியது. பிற நாடுகளில் அது எம்எஸ்டி என்ற பெயரில் இயங்க, மெர்க் என்றால் டார்ம்ஸ்டாட் நிறுவனம்தான். ஒன்றின் மருந்தை மற்றொன்றின் கணக்கில் எழுதும் பிழை அடிக்கடி நேர்கிறது.

பெயர் மாறினால் குடும்பம் மாறிவிட்டது என்று எண்ணுவது இதற்கு நேர்மாறான பிழை. நியூரம்பெர்க் அருகே ஸ்டைன் என்ற ஊரில் 1761-இல் தச்சர் காஸ்பர் ஃபேபர் தொடங்கிய பென்சில் தொழில், 1898-இல் அக்குடும்பத்தின் ஓட்டிலீ காஸ்டெல் பிரபு குடும்பத்தில் மணம் புரிந்த பின்னரே ஃபேபர்-காஸ்டெல் ஆனது. பெண்வழியாக வந்த உரிமையைக் கணக்கில் கொள்ளாதவர்களுக்கு இங்கே தொடர்ச்சி அறுந்தது போலத் தோன்றும்.

1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டுவதோ, வாசகருக்கு வசதியான ஒரே நிறத்தில் தீட்டுவதோ சரியன்று. பாஷின் தலைமை நாஜி ஆட்சியை உள்ளுக்குள் எதிர்த்தது. ஹிட்லருக்கு எதிரான சதியில் ஈடுபட்டு 1945-இல் தூக்கிலிடப்பட்ட கார்ல் கோர்டலருக்கு ஆலோசகர் பதவி கொடுத்து ஆதரித்தது. யூதர்களுக்கு உதவியதற்காக ஹான்ஸ் வால்ட்ஸ் பின்னாளில் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு அமைப்பான யாட் வாஷெமால் சிறப்பிக்கப்பட்டார். அதே நிறுவனம் போர்த் தளவாட உற்பத்தியில் ஈடுபட்டு, சுமார் 20,000 பேரைக் கட்டாய உழைப்பில் பயன்படுத்தியது. பெர்லின் அருகிலிருந்த அதன் துணை ஆலையில் வதைமுகாம் கைதிகளான போலந்துப் பெண்கள் வேலை வாங்கப்பட்டனர். முதல் பாதியை மட்டும் எழுதினால் விளம்பரமாகிறது, இரண்டாம் பாதியை மட்டும் எழுதினால் அந்தத் தலைமைக்குள் நிலவிய முரண் மறைந்துபோகிறது.

தாய் நிறுவனத்தையும் இந்தியக் கிளையையும் ஒன்றாகக் கருதுவது நம் வாசகர்களிடம் மிகுதி. ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் பாஷ் ஜிஎம்பிஹெச் எந்தப் பங்குச் சந்தையிலும் இல்லை. இந்தியச் சந்தையில் வாங்கக் கிடைப்பது, 1951-இல் தொடங்கி மைக்கோ என்ற பெயரில் லாரி ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழக்கமாகி, 2008-இல் பெயர் மாறிய பாஷ் லிமிடெட் பங்கு. அதில் ஜெர்மன் தாய் நிறுவனத்தின் பிடி சுமார் 70 விழுக்காடு. கோயம்புத்தூரில் மென்பொருள், பொறியியல் பணி நடக்கும் பாஷ் மையமோ பங்குச் சந்தையில் உள்ள இந்த நிறுவனத்தைச் சேர்ந்ததன்று; அது ஜெர்மன் தாய் நிறுவனத்துக்கே முழுமையாக உரிய மற்றொரு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஆகவே கோவை மையம் வளர்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு பாஷ் லிமிடெட் பங்கின் மதிப்பைக் கணிப்பவர், ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியை வேறொரு நிறுவனத்தின் கணக்கில் வரவு வைக்கிறார்.