ஊர் குரூப் நடத்துகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். ஊரில் குடியிருப்பவர்கள் குறைவு, ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்பவர்கள் அதிகம். சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று சிதறிக் கிடக்கிறோம். தெருவில் நடந்தால் திறந்திருக்கும் வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஊர்ப் பேச்சு திண்ணையை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அந்த குரூப்புக்கு நான் ஆறு வருடம் அட்மினாக இருந்தேன். சென்ற பொங்கலோடு விட்டுவிட்டேன்.

கெட்ட ஆட்களால் பாழான குரூப் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அட்மின்களால் பாழானவற்றைப் பார்த்திருக்கிறேன். அதில் எங்களுடையதும் ஒன்று, நடுவில் ஒரு வருடம்.

முதல் தவறு ஆரம்பித்த அன்றே நடந்தது. கோயில் திருவிழா அழைப்பு அனுப்ப வைத்திருந்த நோட்டை எடுத்து, அதிலிருந்த நம்பர்களை எல்லாம் யாரையும் கேட்காமல் சேர்த்துவிட்டேன். நல்ல காரியம்தானே என்று நினைப்பு. குரூப்பில் சேர்ந்த நொடியிலிருந்து ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டு வாரத்தில் சென்னையில் இருக்கும் ஒரு ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, யாரோ ஒருத்தன் கூப்பிட்டு, வீடு பூட்டித்தானே கிடக்கு, நிலை, தூணெல்லாம் குடுப்பீங்களான்னு கேக்குறான். என் நம்பர் எப்படிப் போச்சு?" என்றார்கள். பழைய சாமான் வியாபாரம் எங்கள் பக்கம் எப்படி என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்மாத் தேக்குத் தூணுக்கு இன்றைக்கும் விலை உண்டு. யாரோ ஒரு புரோக்கர் யாருடைய உறவு என்றோ உள்ளே வந்து, பூட்டிய வீட்டுக்காரர்களின் பட்டியலை நோகாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தது நான்.

இப்போது அழைப்பு இணைப்பை அனுப்பி, விருப்பமுள்ளவர்களை வரச் சொல்லலாம். வருகிறவரை அட்மின் ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே விடும்படியும் வைக்கலாம். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரே கேள்வி போதும்: எந்த வீடு, யார் மகன், யார் மகள்? நம் ஊரில் அதைவிடப் பெரிய அடையாள அட்டை கிடையாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. "இன்று இரவு விமானம், இனி அடுத்த வருடம்தான்" என்று விமான நிலையத்திலிருந்து படம் போடுவார்கள். எல்லோரும் பூங்கொத்து போடுவார்கள். தெருவில் எந்த வீடு எத்தனை மாதம் காலியாகக் கிடக்கும் என்று நூற்றுக்கணக்கான பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஒருவரிடமும் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு ஊருக்கு வந்த கதையைப் போடுங்கள், போகும் தேதியைப் போடாதீர்கள் என்று தனியாகச் சொன்னால் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

சபையில் சொன்னது

நான் செய்ததிலேயே பெரிய தவறு இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊரில் ஒரு பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை, வயது எண்பதை நெருங்குகிறது. அதிகாலை நாலரைக்கு முருகன் படம், ஐந்துக்குப் பொன்மொழி, ஐந்தேகாலுக்கு வெந்தயத்தின் மகிமை, ஆறுக்குள் பத்து தாண்டிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் எனக்குத் தனியாகப் புகார் எழுதினார்கள். ஒரு நாள் அலுவலக எரிச்சலில் குரூப்பிலேயே எழுதினேன்: "தயவுசெய்து ஃபார்வர்டு அனுப்புவதை நிறுத்தவும். இது ஊர் விஷயங்களுக்கான குரூப்." பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை, மேலே பதினோரு செய்தி அவருடையது. அதற்குக் கீழே பதினைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அந்தக் கட்டைவிரல்கள்தான் அதிகம் வலித்திருக்கும்.

சாயங்காலம் அவர் வெளியேறிவிட்டார். மறுநாள் அவர் மகன், மருமகன், பிறகு பங்காளிகள் ஒவ்வொருவராக. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "வெளியேறினார்", "வெளியேறினார்" என்று வரிசையாக வரிகள் மட்டும். நான் விதியைத்தான் சொன்னேன், நியாயம் என் பக்கம் என்று ஒரு வாரம் வீம்பாக இருந்தேன். அப்புறம் அம்மா சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அட்மின்" என்றார். வழக்கமாக "வாடா" என்பவர்.

காபி வந்து ஆறும் வரை பேசவில்லை. பிறகு, "சபையில வச்சுச் சொல்லிட்டியேப்பா. இங்க வந்து சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனா?" என்றார். அவ்வளவுதான். கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு கல்யாணத்தில் முறை செய்வதில் ஒருவர் தப்பு செய்தால் பந்தல் நடுவில் நின்று திருத்துவோமா? இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப் போய்ச் சொல்லுவோம். போனிலும் அதற்கு வழி இருக்கிறது. செய்தியை அழுத்திப் பிடித்தால் அனுப்பியவருக்குத் தனியாகப் பதில் எழுதலாம். எண்பது வயதுக்காரருக்கு எழுதக்கூட வேண்டாம், கூப்பிட்டுப் பேசலாம். பொதுவில் சொல்ல வேண்டியது, பொதுவில் ஒருவர் இன்னொருவரை அவமானப்படுத்தும்போது மட்டும்தான். அங்கே தனியாகப் போய்க் கிசுகிசுத்தால் அடி வாங்கியவருக்கு நாதி இல்லை என்று ஆகிவிடும். அந்த இடத்தில் உடனே, சுருக்கமாக, "இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்" என்று எல்லோர் முன்பும் எழுத வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். வெந்தயத்துக்குச் சபையில் அதட்டல், வசவுக்குத் தனியில் கெஞ்சல்.

சொந்தக்காரருக்குச் சலுகை கொடுப்பதைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. என் மைத்துனர் போட்ட கட்சி வீடியோவை நான் ஒரு நாள் முழுக்க விட்டு வைத்தேன். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு வருடம் காட்டினார்கள்.

விதி எழுதுவதிலும் அளவு தெரியாமல் இருந்தேன். முதலில் விதியே இல்லை. சண்டை வந்த பிறகு இருபத்து மூன்று விதி எழுதினேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளை மனதில் வைத்து. படித்த எல்லோருக்கும் எது யாருக்கு என்று தெரிந்தது. இப்போது குரூப் விவரத்தில் நான்கு வரிதான். அதில் எனக்குப் பிடித்தது முதல் வரி: மரணச் செய்தியை அந்த வீட்டார் சொன்ன பிறகே போட வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவருக்கு ஒரு ராத்திரி அறுபது பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டோம். அவர் மறுநாள் இட்லி சாப்பிட்டார். பினாங்கில் இருந்த மகள் அந்த இரங்கல்களைப் படித்துவிட்டு டிக்கெட் போட்டுக் கிளம்பியிருந்தாள்.

செய்தியை நீக்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அட்மின் நீக்கினார் என்ற வரி அந்த இடத்திலேயே நிற்கும். என்ன இருந்தது, யார் படித்தார்கள் என்று அதன் பிறகு பத்து பேர் தனித்தனியாக விசாரிப்பார்கள். நீக்க வேண்டியதை நீக்கத்தான் வேண்டும். அனுப்பியவருக்கு ஏன் என்று முதலில் சொல்லிவிட்டு நீக்குங்கள். உயிருக்கோ பணத்துக்கோ ஆபத்தானது மட்டும் விதிவிலக்கு. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு ஒன்று வரும், அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு. அதைத் திறந்து நிறுவினால் போனுக்குள் வேற்றாள் புகுந்துவிடுவான். தெரிந்தவர் பெயரிலிருந்தே வரும், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். முகூர்த்த மாதங்களில் எங்கள் குரூப்பில் பத்திரிகைக்குப் பஞ்சம் இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரலாம், ஏபிகேயாக வரவே வராது. முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பேசுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

யாருடைய ஊர்?

இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

எங்கள் ஊருணிக்குச் சுற்றிலும் கம்பி வேலி போடலாமா என்று குரூப்பில் வாக்கெடுப்பு வைத்தேன். அமோக ஆதரவு. பழைய படங்களைப் போட்டு, இதில்தான் நீச்சல் பழகினோம், புனிதமாகக் காக்க வேண்டும் என்று உருகினார்கள். பணமும் சேர ஆரம்பித்தது. அளவெடுக்க ஆள் வந்த அன்று, ஊருணிக் கரைக்கு அந்தப் பக்கத் தெருப் பெண்கள் வந்து கேட்டார்கள், "அப்ப நாங்க எந்த வழியா எறங்குறது? ஆடு மாடு எங்க தண்ணி குடிக்கிறது?" அவர்களில் ஒருவர்கூட குரூப்பில் இல்லை. அந்தத் தெருவையே நாங்கள் சேர்க்கவில்லை. திருவிழா அழைப்பு நோட்டில் அவர்கள் பெயர் இல்லாததால் என் குரூப்பிலும் இல்லை.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், கோயில் காரியங்களில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. மணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி, வரியும் அந்தக் கணக்கில்தான். பணக்காரர் என்றால் இரண்டு புள்ளி கிடையாது. குரூப்பில் அந்த ஒழுங்குகூட இல்லை. ஒரு வீட்டில் ஐந்து போன், ஐந்து ஓட்டு. தனியாக இருக்கும் ஆயாவிடம் பட்டன் போன், ஓட்டே இல்லை. அதிகம் எழுதுகிறவர்கள் ஊரில் இல்லாதவர்கள், ஏனென்றால் ஏக்கம் அவர்களுக்குத்தான் அதிகம். ஊரில் இருப்பவருக்கு மோட்டார் ரிப்பேர், ரேஷன், மகள் படிப்பு. எழுதாதவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

ஒரு சமூகத்துக்கான குரூப் என்றால் அப்படியே பெயர் வையுங்கள், அதில் பிள்ளையார் நோன்பு என்றைக்கு, கும்பாபிஷேகத்துக்கு யார் பொறுப்பு என்று பேசலாம், தப்பில்லை. ஊர் என்று பெயர் வைத்தால் எல்லாத் தெருவும் இருக்க வேண்டும். பாதித் தெருவை விட்டுவிட்டு ஊருணியைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. எல்லாத் தெருவையும் சேர்த்தபோது சிலர் விலகினார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க நான் போகவில்லை.

வசூல் விஷயத்தில் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். கொடுத்தவர் பட்டியலைத் தினமும் போட்டால், கொடுக்காதவர் பட்டியலைத் தினமும் போட்டதாக ஆகும். பற்று வரவு எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு மாதம் ஒரு முறை மொத்த வரவு, மொத்தச் செலவு, கையிருப்பு, ரசீதுகளின் படம் போதும். கணக்கு தாமதமானால்தான் சந்தேகம் பேசத் தொடங்கும்.

பூட்டு

பினாங்கும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், நியூஜெர்சி ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்னால். நமக்கு நள்ளிரவு, அவர்களுக்கு மதியம். சண்டை அங்கே தொடங்கி, இங்கே எல்லோரும் தூங்க, சிங்கப்பூர் விடிந்ததும் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். காலையில் நான் எழுந்தால் நானூறு செய்தி. அட்மின்கள் எல்லோரும் ஒரே ஊரில் தூங்குகிறவர்களாக இருக்கக் கூடாது.

அலுத்துப்போய் ஒரு முறை அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டேன். ஒரு ராத்திரிக்கு அது நல்ல மருந்து. நான் எட்டு மாதம் விட்டுவிட்டேன். சண்டை இல்லை, நிம்மதிதான். பூட்டிய வீட்டிலும் சண்டை கிடையாது, வவ்வால் மட்டும் இருக்கும். பேச வேண்டியவர்கள் சின்னச் சின்னதாக வேறு ஐந்து குரூப் தொடங்கி, அங்கே என்னைப் பற்றிப் பேசினார்கள். திறந்தபோது முதல் ஒரு வாரம் யாரும் எழுதவில்லை. பூட்டினால், எந்தத் தேதி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.

நான் பூட்டியதற்குப் பயமும் ஒரு காரணம். யாரோ எழுதினால் அட்மினைப் பிடித்துப் போவார்கள் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டம் அப்படி இல்லை. கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பதிந்தார்கள். அவர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறு பங்கு இல்லை என்று தெரிந்தால் போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டில் அதற்கு முன்பே பம்பாய் உயர் நீதிமன்றமும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் பொறுப்பல்ல என்றே தீர்ப்பளித்தன. கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் கதை வேறு. போலீஸ் வந்து விசாரிக்கவே மாட்டார்கள் என்றும் அர்த்தமில்லை. ஆனால் பயத்தில் எட்டு மாதம் பூட்டி வைக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

கடைசியாக, ஆறு வருடம் இருந்தது. அதுவே தவறு. கோயில் காரியக்காரர் பொறுப்பே கைமாறும்போது, சாவியும் கணக்கும் அடுத்தவரிடம் போகும்போது, அட்மின் மட்டும் சாகும் வரை ஏன்? குரூப்பில் ஒரே அட்மின் இருந்து அவர் வெளியேறினால், செயலி தானாக யாரையாவது அட்மினாக்கிவிடும். பக்கத்து ஊரில் அது ஒரு தாத்தாவுக்கு விழுந்தது. தாத்தாவின் போன் எப்போதும் எட்டாம் வகுப்புப் பேத்தியின் கையில்தான். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஊரின் பெயர் யூனிகார்ன் என்று இருந்தது.

நான் இரண்டு பேரிடம் ஒப்படைத்தேன். ஊரிலேயே இருக்கும், ஊருணிக்கு அந்தப் பக்கத் தெரு அங்கன்வாடி ஆசிரியை ஒருவர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். ஒரு நோட்டில் எழுதியும் கொடுத்தேன்: யாரிடம் எழுதிக் கேட்கலாம், யாரைக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும், எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது என்பதுவரை. வந்த பத்தாவது நாளே ஆசிரியை, காலை வணக்கப் படங்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதிக்கலாம் என்று விதியை மாற்றிவிட்டார். குரூப்புக்குத் திரும்பியிருந்த பெரியப்பா அந்த ஞாயிறு பதினெட்டு அனுப்பினார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆசிரியைக்குத் தனியாகத்தான் எழுதினேன்.